வால்வுக்கு இரண்டு இதழ், தமனிக்கு 43 மில்லிமீட்டர்: பளு தூக்கியதால் வந்ததா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். அவருக்கு வயது 42, உயரம் 165 செ.மீ. சென்ற ஆண்டு வேலையிடத்து உடல் பரிசோதனையில், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று சொல்லி, பலதுறை மருந்தகம் வழியாக இதய நிபுணரிடம் அனுப்பியிருக்கிறார்கள். எக்கோ எனும் இதய அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது, பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருப்பது தெரிந்தது. வால்வில் லேசான கசிவு உண்டு, அடைப்பு இல்லை. இதயத்திலிருந்து மேலே எழும் பெருந்தமனி 41 மி.மீ. விரிந்திருந்தது. இந்த ஆண்டு சிடி ஸ்கேனில் அதே பகுதி 43 மி.மீ. ரத்த அழுத்தம் 146/92. அதற்கு லோசார்ட்டன் கொடுத்தார்கள். ‘ஆயுசுக்கும் மாத்திரையா’ என்று பயந்து இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டார்.

பல ஆண்டுகளாக ஜிம்மில் கடுமையாகப் பளு தூக்கியவர். அதனால்தான் வந்தது என்று மனைவி சொல்கிறார். சமையலில் தேங்காய் நின்றுவிட்டது. அப்பா 54 வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார், மாரடைப்பு என்றார்கள். மைத்துனர், தொடை வழியாக ஸ்டென்ட் வைத்து முடித்துவிடலாம் என்கிறார். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். மகனுக்கு 17, மகளுக்கு 12. கடிதத்தின் கடைசி வரி: “தேசிய சேவையெல்லாம் முடித்தவன் நான். அப்போது ஒன்றும் இல்லை என்றார்கள். நடுவில் என்ன தப்புப் பண்ணினேன் டாக்டர்?”

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எந்தத் தப்பும் பண்ணவில்லை. உங்கள் வால்வு பிறக்கும்போதே அப்படித்தான் இருந்தது. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி இருக்கும், அவர்களில் ஆண்களே அதிகம். நன்றாகத் திறந்து மூடும் இரண்டிதழ் வால்வு பல ஆண்டுகள் சத்தமே காட்டாது. ஈசிஜியில் வால்வின் இதழ்கள் தெரியாது. ஆகவே 18 வயதில் யாரும் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. உங்கள் மனைவியையும் இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யார் மீதும் பழி விழவேண்டிய நோய் இல்லை இது.

தமனி ஏன் விரிகிறது

வால்வில் குறை என்றால் தமனி ஏன் விரியவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றி மருத்துவ உலகில் நெடுங்காலமாக ஒரு வாதம் நடந்துவருகிறது. தமனிச் சுவரே பிறவியில் பலவீனமானது என்பது ஒரு கட்சி. வால்வு கோணலாக ரத்தத்தைப் பீய்ச்சுவதால் சுவர் கெடுகிறது என்பது இன்னொரு கட்சி. இன்று பெரும்பாலானோர் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம். ஆளுக்கு ஆள் இரண்டின் பங்கும் மாறும்.

முதலில் சுவர். கரு வளரும் முதல் வாரங்களில், நியூரல் கிரெஸ்ட் எனப்படும் ஒரு வகைச் செல்கள் இதயத்தை நோக்கி இடம்பெயர்ந்து வருகின்றன. பெருந்தமனி வால்வின் இதழ்கள் உருவாவதிலும், இதயத்திலிருந்து எழும் பெருந்தமனியின் நடுச்சுவர் உருவாவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. வால்வு உருவாவதில் எங்கோ பிசகியிருந்தால், அதே செல்கள் கட்டிய சுவரிலும் பிசகு இருக்கலாம். நடுச்சுவரில் மீள்நார்களும் தசைச் செல்களும் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைப் பிணைத்து வைக்கும் புரதங்களில் ஒன்று ஃபிப்ரில்லின். இரண்டிதழ் வால்வு உள்ளவர்களின் தமனித் துண்டுகளை ஆராய்ந்தபோது அது குறைவாக இருந்தது. பிணைப்புத் தளர்ந்தால் தசைச் செல்கள் மடிகின்றன, நார்களை அரிக்கும் நொதிகள் கூடுகின்றன, சுவர் மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கிறது. இதே ஃபிப்ரில்லின் குறைவு அவர்களின் நுரையீரல் தமனியிலும் காணப்பட்டது. அந்தத் தமனிக்கு ரத்தம் வேறொரு வால்வு வழியாகப் போகிறது. பெருந்தமனி வால்வின் கோணல் பாய்ச்சல் அதைத் தொடுவதே இல்லை. சுவரில் பிறவிக் குறை உண்டு என்பதற்கு எனக்கு மிக வலுவாகப் படும் சான்று இதுதான். வால்வு ஒழுங்காக வேலை செய்யும் சிறுவர்களுக்கும் தமனி விரிவதுண்டு, வால்வை மாற்றிய பிறகும் சிலருக்கு விரிவு தொடர்வதுண்டு. இவையும் அதே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

மரபணுவா என்றால், ஆம், ஓரளவுக்கு. நாட்ச்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் சில குடும்பங்களில் இந்த வால்வுக் குறையை உண்டாக்குவதாக 2005இல் தெரியவந்தது. ஆனால் பெரும்பாலான நோயாளிகளிடம் இதுதான் என்று சுட்டிக்காட்ட ஒற்றை மரபணு எதுவும் கிடைப்பதில்லை. குடும்பத்தில் பலருக்குத் தமனி விரிவு இருந்தாலோ, மார்ஃபன் போன்ற பிறவி இணைப்புத்திசு நோய்களின் அடையாளம் உடலில் தெரிந்தாலோ தவிர, மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

இனி ரத்தப் பாய்ச்சல். மூன்றிதழ் வால்வு தமனியின் நடுவே ரத்தத்தை அனுப்பும். இரண்டிதழ் வால்வில் திறப்பு கோணலாக இருப்பதால் பாய்ச்சல் ஒரு பக்கச் சுவரில் போய் மோதும், சுருண்டு சுழலும். ஆறு வளையும் இடத்தில் வெள்ளம் வெளிக்கரையை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அடி வாங்குவது வளைவின் வெளிப்பக்கச் சுவர்தான். எந்த இரண்டு இதழ்கள் ஒட்டியிருக்கின்றன என்பதைப் பொறுத்து மோதும் இடம் மாறும், அதற்கேற்ப விரியும் இடமும் மாறும். பெரும்பாலானோருக்கு, இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் வலது, இடது கொரோனரித் தமனிகளின் பக்கத்து இதழ்கள் ஒட்டியிருக்கும். 4டி எம்ஆர்ஐ எனும் ஸ்கேனில் இந்தச் சுழலைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறுவையில் எடுத்த தமனியைச் சோதித்தபோது, ஒரே ஆளின் தமனியிலேயே பாய்ச்சல் பலமாக உரசும் பகுதியில் மீள்நார்கள் அதிகம் சிதைந்திருந்தன. சுவரின் பிறவிக் குணம் மட்டுமே காரணமாக இருந்தால் சிதைவு எங்கும் ஒரே அளவில் இருந்திருக்கவேண்டும்.

மூன்றாவதாக ரத்த அழுத்தம். அது இந்த விரிவைத் தொடங்கிவைப்பதில்லை, ஆனால் வேகப்படுத்துகிறது. குழாயின் சுவர் தாங்கும் இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தம் கூடினாலும் கூடும், குழாயின் விட்டம் கூடினாலும் கூடும். உங்களுக்கு இப்போது இரண்டும் கூடியிருக்கின்றன. பிறவிச் சுவரை மாற்ற முடியாது. வால்வின் கோணலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது. 146ஐ 130க்குக் கீழே கொண்டுவருவது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. மாத்திரையை மறுபடியும் தொடங்குவது பற்றி இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். லோசார்ட்டன் தமனி விரிவதையே நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டிதழ் வால்வுக்காரர்களுக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. அழுத்தத்தை 130/80க்குக் கீழே வைத்திருப்பதற்காகத்தான் அது. வீட்டுக்கு ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கி, காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் அளந்து எழுதிவையுங்கள்.

ஒரு சந்தேகத்தையும் மருத்துவரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்த வால்வு உள்ளவர்களில் சிலருக்குப் பெருந்தமனி வளைந்து கீழிறங்கத் தொடங்கும் இடத்தில் பிறவியிலேயே ஒரு குறுக்கம் இருக்கும். இளவயதில் ரத்த அழுத்தம் ஏறுவதற்கு அதுவும் காரணமாகலாம். உங்கள் சிடி ஸ்கேன் மார்பு முழுவதையும் எடுத்திருந்தால் பதில் அதிலேயே இருக்கும்.

தேங்காய்க்கு வருகிறேன். கொழுப்புப் படிவதால் வரும் தமனி வீக்கம் பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில், வயதானவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் வருவது. உங்களுடையது அந்த வகை இல்லை. கொழுப்பைக் கட்டுப்படுத்துவது மாரடைப்பைத் தவிர்க்க நல்லதுதான், அதனால் இந்த 43 குறையாது. உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தத்துக்கு நேரடிப் பயன் உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, உணவங்காடி நூடல்ஸ் சூப் ஆகியவற்றில் கவனம் வையுங்கள்.

41இலிருந்து 43: நிஜமாகவே வளர்ந்ததா?

ஒரே வருடத்தில் 2 மி.மீ. வளர்ந்துவிட்டதே, பத்து வருடத்தில் 20 ஆகிவிடுமே என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். முதலில் அளந்தது எக்கோ, அடுத்து அளந்தது சிடி. சுவரின் எந்த ஓரத்திலிருந்து எந்த ஓரம் வரை அளப்பது என்பதில் இரண்டுக்கும் வழக்கம் வேறு. தமனி சற்றுச் சாய்வாகப் போகிறது. குறுக்கே நேராக வெட்டிப் பார்க்காமல் சரிவாக வெட்டினால் அளவு கூடித் தெரியும். இதயத்துடிப்போடு இசைத்து எடுக்காத சிடியில் தமனி துடிக்கும் அசைவே ஓரத்தை மங்கலாக்கிவிடும். ஒரே ஆளை ஒரே வாரத்தில் இரண்டு விதமாக அளந்தாலும் 2 மி.மீ. வேறுபாடு வரலாம். இரண்டிதழ் வால்வு உள்ளவர்களுக்குத் தமனி விரியும் வேகம் பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஒரே ஆண்டில் 5 மி.மீ., அல்லது அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 3 மி.மீ. என்று போனால்தான் வேகமான வளர்ச்சி என்கிறோம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில், ஒரே முறையில் அளந்து சொல்லும்படி கேளுங்கள். இனிமேல் எடுக்கும் ஸ்கேன்கள் ஒரே வகையாக இருக்கட்டும். முடிந்தால் ஒரே மருத்துவமனையில் எடுங்கள். நீண்டகாலத் தொடர்கண்காணிப்புக்குக் கதிர்வீச்சு இல்லாத எம்ஆர்ஐ நல்லது.

அறுவை எப்போது? ஸ்டென்ட் போதுமா?

இணையத்தில் படித்துவிட்டு, எந்த நேரமும் வெடிக்கலாம் என்று இரவில் தூங்காமல் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்ற வட்டாரத்தில் இரண்டிதழ் வால்வு உள்ள 416 பேரைச் சராசரியாக 16 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில் தமனிச் சுவர் கிழிந்தது இருவருக்கு மட்டுமே. பொதுமக்களைவிட ஆபத்து எட்டு மடங்கு என்று அதே ஆய்வு சொல்கிறது. எட்டு மடங்கு என்பது தலைப்பில் மிரட்டும். 416 பேரில் இருவர் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் பொருள் புரியும்.

மற்ற ஆபத்துகள் இல்லாதவருக்கு 55 மி.மீ.யில் அறுவை சிகிச்சை. குடும்பத்தில் யாருக்காவது தமனி கிழிந்திருந்தால், வேகமாக வளர்ந்தால், நான் சொன்ன பிறவிக் குறுக்கம் இருந்தால் 50லேயே யோசிப்போம். வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்கவேண்டி வந்தால் 45 இருந்தாலே தமனியையும் சேர்த்து மாற்றிவிடலாம். இந்த எல்லைகள் பெரும்பாலும் மேலைநாட்டு உடல்வாகை வைத்து வகுக்கப்பட்டவை. உயரம் குறைந்த நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் பார்க்கவேண்டும்: தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து வகுத்தால் 10 வருகிறதா என்பது. 2022 அமெரிக்க வழிகாட்டி இதை ஏற்கிறது. உங்களுக்கு இப்போது பரப்பு சுமார் 14.5, உயரம் 1.65, வகுத்தால் 8.8. உங்கள் உயரத்துக்கு 46 மி.மீ. வாக்கில் அது 10ஐத் தொடும். 46 வந்த மறுநாளே கத்தி வைக்கவேண்டும் என்பதில்லை. 55 வரும்வரை கவலையில்லை என்று உட்கார்ந்துவிடாமல், அப்போதே தமனி அறுவையில் கைதேர்ந்த குழுவோடு பேசத் தொடங்கவேண்டும்.

மைத்துனர் சொல்லும் ஸ்டென்ட் கீழிறங்கும் பெருந்தமனிக்குப் பொருந்தும். உங்களுக்கு விரிந்திருப்பது மேலெழும் பகுதி. வால்வும் கொரோனரித் தமனிகளும் மிக அருகில் இருப்பதால், அங்கே நெஞ்சைத் திறந்து, விரிந்த துண்டை எடுத்துவிட்டு டேக்ரான் எனும் செயற்கை இழைக் குழாயைத் தைப்பதுதான் வழக்கமான சிகிச்சை. பெரிய அறுவைதான், திட்டமிட்டுச் செய்யும்போது நல்ல பலன் தருவது.

உங்கள் அப்பாவைப் பற்றி என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. திடீர் மார்புவலியில் இறந்த பலருக்கு அது மாரடைப்புதான். தமனி கிழிந்தும் அப்படி நேரலாம். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை என்பதால் இப்போது பிரித்தறிய வழியில்லை. ஆனாலும் இந்தத் தகவல் உங்கள் கோப்பில் இருக்கவேண்டும். அம்மாவிடம் பக்குவமாகக் கேளுங்கள்: வலி முதுகுக்குப் பரவியதா, அப்பாவுக்கு இதயத்தில் சத்தம் இருப்பதாக யாராவது எப்போதாவது சொன்னார்களா. கிடைப்பதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜிம், காவடி, பல் மருத்துவர்

பளு தூக்கியதால் இந்த நோய் வரவில்லை. அதற்காகப் பழையபடி தூக்கலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மூச்சை அடக்கி முழுப் பலத்தோடு தூக்கும் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள் நேரடியாக அளந்தபோது, மேல் அழுத்தம் அந்தச் சில விநாடிகளில் 300ஐத் தாண்டியது. விரிந்த தமனிக்கு அது வேண்டாத சோதனை. நடை, மெதுஓட்டம், நீச்சல், சைக்கிள் எல்லாம் செய்யலாம், செய்யவேண்டும். பளு வேண்டுமென்றால், மூச்சை அடக்காமல் பேசிக்கொண்டே பதினைந்து முறை தூக்க முடிகிற எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காவடி விஷயத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: அலகுக் காவடி வேண்டாம். முப்பது கிலோ சட்டத்தைத் தோளில் தாங்கி, சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறீர்கள். வழியில் ஆடும்போதும், நின்று மறுபடி தூக்கும்போதும் மூச்சு அடங்கும், அழுத்தம் ஏறும். அலகு குத்துவதில் இன்னொரு ஆபத்து. தோல் வழியாக ரத்தத்தில் கிருமி நுழைந்தால், அது பிறவிக் குறையுள்ள வால்வில் மற்றவர்களுக்கு ஒட்டுவதைவிட எளிதாக ஒட்டிக்கொள்ளும். இரண்டிதழ் வால்வில் இப்படிக் கிருமி தொற்றுவதை ஆஸ்லர் என்ற மருத்துவர் 1886லேயே எழுதிவைத்தார். நேர்த்திக்கடனை இலேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. பால்குடமாக மாற்றிச் செலுத்தலாமா என்று குருக்களிடம் கேளுங்கள். அந்தத் தூரத்தைப் பால்குடத்தோடு நீங்கள் தாராளமாக நடக்கலாம்.

பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் எடுக்கவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும், முன்பே வால்வில் கிருமித் தொற்று வந்தவர்களுக்கும் வேண்டும். உங்களுக்கு இப்போது தேவையில்லை. தினமும் இருவேளை பல் துலக்குவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்ப்பதும் உங்கள் வால்வுக்குச் செய்யும் நல்ல காவல். ஊருக்குப் போகும்போது ஒன்றில் எச்சரிக்கை தேவை. வயிற்றுப்போக்கு, சிறுநீர்க் கடுப்பு என்று மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குகளை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். தமனி விரிவு உள்ளவர்களுக்கு, வேறு வழி இருக்கும்போது இந்த வகை மருந்துகளைத் தரவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது.

திடீரென்று, வந்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும் வலி மார்பிலோ முதுகிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ வந்தால் 995ஐ அழையுங்கள். டாக்சி பிடித்துப் போகாதீர்கள். வருபவர்களிடம் முதல் வார்த்தையாக “பைகஸ்பிட் வால்வ், டைலேட்டட் அயோர்டா” என்று சொல்லுங்கள். மாரடைப்புக்குத் தரும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள், கிழிந்த தமனிக்குக் கேடு செய்யும். அந்த ஒரு வரி கேட்டால் அவசரப் பிரிவில் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். மனைவிக்கும் மகனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், கைப்பேசியின் மருத்துவக் குறிப்பிலும் எழுதிவையுங்கள்.

பிள்ளைகளும் உடன்பிறந்தோரும்

இந்த வால்வு உள்ளவரின் நெருங்கிய ரத்த உறவினர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதே வால்வு இருக்கும். வால்வு சரியாக இருந்து தமனி மட்டும் விரிந்த உறவினர்களும் உண்டு. ஆகவே மகன், மகள், உடன்பிறந்தோர், அம்மா எல்லோருக்கும் ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்லுங்கள், வால்வோடு தமனியையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். எக்கோவில் ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.

மகனுக்கு இதை முதலில் செய்யுங்கள். தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் குடும்ப வரலாற்றையும் எக்கோ முடிவையும் நிபுணரின் கடிதத்தோடு கொடுத்துவிடட்டும். வால்வில் குறை தெரிந்தால் எந்தப் பயிற்சி ஏற்றது என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். நண்பர்கள் முன்னால் தாழ்வாகிவிடும் என்று அவன் மறைக்க நினைக்கலாம். அந்த வயதில் அது இயல்பு. பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் ஸ்கேன் படத்தையே காட்டிப் பேசுங்கள்.

சோதனையில் ஏதாவது தெரிந்தால் காப்புறுதி கிடைக்காதே என்று தள்ளிப்போட நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்தே வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்புத் தருகிறது. அது யாருக்கும் போகாது. அதற்கு மேல் தனியார் நிறுவனத்தில் எடுக்கும் ஒருங்கிணைந்த திட்டத்தில்தான், தெரிந்த நோயை விலக்கிவிடவோ விண்ணப்பத்தை மறுக்கவோ வாய்ப்பு உண்டு. அந்தப் படிவத்தில் குடும்ப வரலாற்றைக் கேட்டால் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய காப்புறுதி, பணம் தேவைப்படும் நேரத்தில் செல்லாமல் போகலாம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே திட்டம் இருந்தால் அதை விட்டுவிடாமல் தொடருங்கள். எக்கோவை இதற்காக ஒரு மாதம்கூடத் தள்ளவேண்டாம் என்பது என் கருத்து.